யூஎஸ்பி-சி சாக்கெட் ஆறே மாதத்தில் ஆடிப்போகிறது, சில சார்ஜர்களில் சார்ஜும் ஏறவில்லை. கனெக்டரை மாற்றினால் சரியாகிவிடுமா?

கேள்வியில் இருப்பது இதுதான்: கையில் எடுத்துச் செல்லும் பேட்டரிக் கருவி, 5 வோல்ட் 3 ஆம்பியர் சார்ஜிங், 1.6 மி.மீ போர்டில் 6 பின் யூஎஸ்பி-சி சாக்கெட். ஆறு மாதத்தில் சில கருவிகளில் லூஸ் கான்டாக்ட், சில சூடாகின்றன. பழைய போன் சார்ஜரில் ஏறும் சார்ஜ் லேப்டாப் சார்ஜரில் ஏறுவதில்லை. நல்ல கம்பெனி கனெக்டராகப் பார்த்து மாற்றினால் போதுமா?

போதாது. இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். சார்ஜ் ஏறாதது ரெசிஸ்டர் சமாச்சாரம், அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஆடிப்போவதற்குக் காரணம் போர்டின் ஓரத்திலும் பெட்டியின் சுவரிலும் இருக்கிறது. அங்கே கை வைக்காமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்தச் சாக்கெட்டும் ஆடத்தான் செய்யும்.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். இரண்டு முனையிலும் சி-டைப் இருக்கும் கேபிளில் சார்ஜர் எடுத்த எடுப்பிலேயே 5 வோல்ட் தராது. எதிர்ப்பக்கம் கருவி இருக்கிறதா என்று, அதை அடையாளம் காண்பதற்கென்றே இருக்கும் சிசி (CC) பின் வழியாகப் பார்த்த பிறகுதான் விபஸ்ஸை (VBUS, மின்சாரம் வரும் 5 வோல்ட் பாதை) திறக்கும். அதற்காக ஏ5, பி5 என்ற இரண்டு சிசி பின்களிலிருந்தும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போக வேண்டும். பழைய ஏ-டைப் சார்ஜரில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருப்பதால் ரெசிஸ்டரே இல்லாவிட்டாலும் சார்ஜ் ஏறும். அதனால்தான் இந்தத் தவறு சோதனையில் தப்பிவிடுகிறது.

எது தவறு என்பதை அறிகுறியே சொல்லிவிடும். சி-டு-சி கேபிளை எப்படித் திருப்பிப் போட்டாலும் ஏறவில்லையா, ரெசிஸ்டர் இரண்டுமே இல்லை. ஒரு பக்கம் போட்டால் ஏறி, திருப்பிப் போட்டால் ஏறவில்லையா, ஒரு ரெசிஸ்டர் விடுபட்டிருக்கிறது, அல்லது ஒரு சிசி பின்னில் சோல்டர் பிடிக்கவில்லை. மெல்லிய கேபிளில் ஏறி, 100 வாட் தடிமனான கேபிளில் மட்டும் ஏறவில்லையா, இரண்டு சிசி பின்களையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்கள். தடிமனான கேபிளுக்குள் ஒரு அடையாளச் சிப் இருக்கும், அது இன்னொரு சிசி கம்பியில் சுமார் 1 கிலோ ஓமைக் காட்டும். பின்கள் சேர்ந்திருந்தால் சார்ஜர் குழம்பி, உங்கள் கருவியை ஆடியோ அடாப்டர் என்று எடுத்துக்கொண்டு மின்சாரத்தைத் தராமல் விட்டுவிடும். 2019-ல் வந்த ராஸ்பெர்ரி பை 4-இன் முதல் போர்டுகளில் இருந்தது இதே தவறுதான். பத்துப் பைசாகூடப் பெறாத ஒரு ரெசிஸ்டர், தயவுசெய்து மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று: சார்ஜர் 3 ஆம்பியர் தரும் என்று நீங்களாக முடிவுசெய்து இழுக்கக் கூடாது. 5.1 கிலோ ஓம் போட்ட பிறகு சிசி பின்னில் 1.31 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 3 ஆம்பியர் இழுக்கலாம், 0.70 முதல் 1.16 வோல்ட் வரை இருந்தால் 1.5 ஆம்பியர், அதற்கும் கீழே என்றால் சாதாரண யூஎஸ்பி அளவுதான். கேபிளைத் திருப்பிப் போட்டால் வோல்ட்டேஜ் இன்னொரு சிசி பின்னுக்கு மாறிவிடும், அதனால் மைக்ரோகன்ட்ரோலரில் வோல்ட்டேஜ் அளக்கும் ஏடிசி பின்கள் இரண்டை, சிசிக்கு ஒன்றாக, இதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். சி-டைப்பில் பலரும் கவனிக்காத ஒன்று: ஸ்பிரிங் இருப்பது கேபிள் பிளக்கில், சாக்கெட்டில் அல்ல. சாக்கெட்டின் நடுவில் நிற்பது 0.7 மி.மீ தடிமனுள்ள ஒரு நாக்கு, அதன் இரு முகத்திலும் அசையாத தகடுகள். தேயும் பாகம் மலிவான கேபிளோடு போகட்டும் என்றுதான் இப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே லூஸ் என்று புகார் வந்தால் முதலில் புதுக் கேபிள் போட்டுப் பாருங்கள். புதுக் கேபிளிலும் லூஸ் என்றால் ஸ்பிரிங் மேல் பழி போட முடியாது. பிளக் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது சாக்கெட்டின் கால் போர்டை விட்டு வந்துவிட்டது, இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

பிளக் முழுதாகப் போகாததற்குக் காரணம் அநேகமாகப் பெட்டியின் சுவர். பிளக்கின் உலோக மூக்கு 6.65 மி.மீ நீளம். சுவர் 2 மி.மீ தடிமன், சாக்கெட்டின் வாய் அந்தச் சுவருக்குப் பின்னால், துளையோ மூக்கு மட்டும் நுழையும் அளவு என்றால், பிளக்கின் பிளாஸ்டிக் உடல் சுவரில் முட்டி நின்றுவிடும். 2 மி.மீ குறைவாகவே உள்ளே போகும், நாக்கின் இரு ஓரப் பள்ளங்களில் விழ வேண்டிய பிடிப்புக் கொக்கி விழாது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விபஸ், கிரவுண்டு தகடுகள் நாக்கின் நுனிப்பக்கம் நீண்டிருக்கும், செருகும்போது அவைதான் முதலில் தொடும். சிசி தகடு உள்வாங்கியிருப்பதால் பின்னால்தான் தொடும். அரைகுறையாகச் செருகிய பிளக் சற்று அசைந்தாலும் முதலில் விட்டுப்போவது சிசிதான். சிசி போனதும் சார்ஜர் விபஸ்ஸை மூடிவிடும். பயனர் அதை லூஸ் கான்டாக்ட் என்பார், நீங்கள் மல்டிமீட்டர் வைத்து விபஸ் தகட்டைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு வழி இரண்டு. சாக்கெட்டின் முகம் சுவரின் வெளிமுகத்தோடு சமமாக வரும்படி போர்டை நகர்த்துங்கள். சாக்கெட்டின் கூடு, அதாவது அதன் உலோக உறை, வெளியளவில் சுமார் 9 × 3.2 மி.மீ இருக்கும், சுற்றிலும் 0.2 மி.மீ இடம் விட்டால் போதும். அது முடியாதென்றால் பிளக்கின் பிளாஸ்டிக் உடலே உள்ளே நுழையும்படி துளையைப் பெரிதாக்குங்கள். யூஎஸ்பி-சி ஸ்டாண்டர்டு அனுமதிக்கும் அதிகபட்ச உடல் அளவு 12.35 × 6.5 மி.மீ, எனவே 13 × 7 மி.மீ வையுங்கள். முதல் வழியே நல்லது, ஏன் என்பதைக் கீழே உள்ள கணக்கு சொல்லும்.

செருகிய கேபிளில் கருவிக்கு வெளியே 25 மி.மீ நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் நுனியில் யாரோ 2 கிலோ எடை அளவுக்கு, அதாவது 20 நியூட்டன், மேலிருந்து அழுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையிலிருந்து சாயும் கருவி இதைவிட மோசமாகவே அழுத்தும். திருப்புவிசை 500 நியூட்டன் மி.மீ. சாக்கெட்டின் முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் நடுவே சுமார் 4 மி.மீதான் இடைவெளி. 500-ஐ 4-ஆல் வகுத்தால் 125 நியூட்டன்: பின்கால் ஜோடியைப் பன்னிரண்டரைக் கிலோ எடை மேலே பிடுங்குகிறது. தினமும் நான்கு தடவை இப்படிப் பிடுங்கினால் சோல்டர் களைத்து வெடிக்கும். கூடு சுவரின் துளைக்குள் உட்கார்ந்திருந்தால், 0.2 மி.மீ சாய்ந்ததுமே சுவர் தாங்கிக்கொள்ளும், கால் பிழைக்கும்.

ஆகவே கூட்டுக்கு மேலும் கீழும் பெட்டியிலிருந்தே ஒரு விலா எழுப்புங்கள். சாக்கெட்டின் இருபுறமும் 10 மி.மீக்குள் போர்டு ஸ்குரூ வரட்டும். புது பிளக்கைச் செருக 20 நியூட்டன் வரை தேவைப்படலாம், அந்தத் தள்ளு போர்டைப் பின்னுக்கு நகர்த்தாதபடி போர்டின் பின்விளிம்பிலும் ஒரு தடுப்பு வேண்டும்.

கால்கள் நான்கும் போர்டைத் துளைத்து இறங்கும் வகையாக இருக்க வேண்டும். மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் வகை, கையாளும் கருவிக்கு ஆகாது. டேட்டாஷீட்டில் கால் நீளத்தைப் பாருங்கள். மெல்லிய போர்டுக்கென்று செய்த சாக்கெட்டின் கால் 1.6 மி.மீ துளையின் பாதியிலேயே நின்றுவிடும். துளை நிறையச் சோல்டர் வர, ஸ்டென்சிலில் (போர்டில் சோல்டர் பேஸ்ட் தடவ உதவும் துளைத்தகடு) கால் துளைகளைச் சுற்றிப் பேஸ்ட் திறப்பைப் பெரிதாக்குங்கள், அல்லது ரீஃபுளோவுக்கு (போர்டைச் சூடாக்கிப் பேஸ்ட்டை உருக்கும் கட்டம்) பிறகு கையால் நிரப்புங்கள். கையால் செய்யும்போது, சோல்டர் பிடிக்க உதவும் ஃபிளக்ஸைத் தாராளமாக விட்டால் அது கூட்டுக்குள் வழிந்து நாக்கின் மேல் படலமாக உறைந்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் கேபிளைப் போட்டாலும் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும்.

சூட்டைப் பற்றி: 6 பின் சாக்கெட்டில் விபஸ் இரண்டு, கிரவுண்டு இரண்டு. 16 பின் வகையில் இவை நான்கு நான்கு. ஒரு கான்டாக்ட் 40 மில்லிஓம் என்று வைத்தால், நான்கு சேர்ந்து 10, கிரவுண்டையும் கூட்டினால் 20 மில்லிஓம். 3 ஆம்பியரில் 0.18 வாட். அதுவே 6 பின்னில் 0.36 வாட். அழுக்கேறி, ஒரு விபஸ்ஸும் ஒரு கிரவுண்டும் மட்டும் தலா 100 மில்லிஓமில் தொட்டுக்கொண்டிருந்தால் 1.8 வாட், அதுவும் விரல்நுனி அளவுள்ள ஒரு கூட்டுக்குள். சூடு பிளக்கின் ஸ்பிரிங்கைத் தளர்த்தும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. 3 ஆம்பியருக்கு 16 பின் எடுங்கள், விலை வித்தியாசம் அற்பம்.

வாங்கும்போது கேட்க வேண்டியது கம்பெனிப் பெயரை அல்ல, முலாம் பூச்சின் தடிமனை. நிக்கல் அடித்தளத்தின் மேல் 0.76 மைக்ரான் தங்கம் நல்ல பூச்சு. ‘தங்க முலாம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் 0.05 மைக்ரான்கூட இருக்கலாம், அது சில நூறு தடவையில் தேய்ந்து நிக்கல் தெரியும். சி-டைப்புக்கு ஸ்டாண்டர்டு கேட்பது 10,000 தடவை செருகிப் பிடுங்கும் உழைப்பு. டேட்டாஷீட்டில் அந்த எண் இல்லாத சாக்கெட்டைத் தொடாதீர்கள்.

வியர்வைக் கையில் புழங்கும் கருவி என்றால் இதையும் பார்த்துவிடுங்கள். கேபிள் எதுவும் செருகாமல் விபஸ் பேடில் (போர்டில் பின்னைச் சோல்டர் செய்யும் செம்புத் திட்டு) வோல்ட்டேஜ் அளந்தால் சுழியம் வர வேண்டும். சில சார்ஜிங் சுற்றுகளில் பேட்டரி வோல்ட்டேஜ் பின்வழியாகக் கசிந்து நாக்கில் எந்நேரமும் 3, 4 வோல்ட் நிற்கும். 16 பின் வகையில் விபஸ்ஸும் சிசியும் பக்கத்துப் பக்கத்துத் தகடுகள், மையத்துக்கு மையம் 0.5 மி.மீதான். நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் தங்கத்துக்கு அடியிலிருக்கும் செம்பு பச்சையாகப் பூத்து வெளியே வரும்.

புது டிசைனைச் சோதிக்கப் பெரிய லேப் தேவையில்லை. பத்துப் போர்டு எடுத்து, விபஸ் வழியாக 1 ஆம்பியர் செலுத்தி, கேபிள் முனைக்கும் போர்டு பேடுக்கும் நடுவே மில்லிவோல்ட் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 1 ஆம்பியரில் வரும் மில்லிவோல்ட்தான் மில்லிஓம், அதில் கேபிளின் பங்கு எப்போதும் ஒன்றாக இருக்க அதே கேபிளையே பயன்படுத்துங்கள். பிறகு சாக்கெட்டின் வாயிலிருந்து 15 மி.மீ தள்ளிக் கேபிளில் 800 கிராம் தொங்கவிட்டு, கருவியை நான்கு திசையிலும் திருப்பி, ஒவ்வொன்றிலும் பத்து விநாடி வையுங்கள். சிசி பின்னில் ஆசிலோஸ்கோப் மாட்டியிருக்கட்டும், மல்டிமீட்டருக்குச் சிறு வெட்டுகள் தெரியாது. இதில் தேறியதை ஆயிரம் தடவை செருகிப் பிடுங்கி மறுபடி அளந்து, முதல் அளவோடு ஒப்பிடுங்கள்.

ஏற்கெனவே விற்ற கருவிகள் திரும்பி வந்தால், சாக்கெட்டைக் கழற்றும் முன் பின்கால்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய சாம்பல் வளையம் தெரிந்தால் சோல்டர் வெடித்திருக்கிறது: பழைய சோல்டரை உறிஞ்சி எடுத்து, துளை நிறையப் புதிதாக வைத்து, கூட்டுக்கும் பெட்டிக்கும் இடையில் 3டி பிரிண்டரில் எடுத்த ஒரு ஆப்பைச் செருகிவிட்டால் அந்தச் சாக்கெட்டே தொடர்ந்து ஓடும். பேடே பெயர்ந்திருந்தால் ஒட்டுப்போட வேண்டாம், போர்டையே மாற்றிக் கொடுங்கள்.