மிச்சக் காசா, நட்டஈடா?

கேள்வி: ஊர் களுவாஞ்சிக்குடி, வயது 24. கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் இருந்தபோது, போர்டிங்குக்கு வந்துபோகும் ஓர் அக்கா கருமுட்டை கொடுத்தால் ஒன்றரை இலட்சம் என்றார். பிள்ளை பெற்றவர்களைத்தான் எடுப்பார்கள் என்று மச்சாளின் அடையாள அட்டையைக் காட்டவைத்தார். பத்து நாள் ஊசி. முட்டை எடுத்த மூன்றாம் நாள் வயிறு வீங்கி, மூச்சு முட்டி, ஊரில் ஆறு நாள் வார்டில் கிடந்தேன். 50 ஆயிரம்தான் தந்தார்கள். அக்கா போன் எடுப்பதில்லை, அம்மா என்னோடு பேசுவதில்லை. மிச்சத்தை வாங்கலாமா?

பதில்: தங்கச்சி, போன் எடுக்காததையும் அம்மாவின் கோபத்தையும் எந்த நீதவானும் கேட்கப்போவதில்லை. ஊசி தொடங்குமுன், இப்படி நேரலாம் என்று உங்களுக்கு விளங்கும் மொழியில் யாராவது சொன்னார்களா? அது ஒன்றுதான் விஷயம். சூலகம் அளவுமீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோர்ப்பது வைத்தியர்கள் அறிந்த ஆபத்து. சிலருக்கு இரத்தமும் கட்டும். வந்தது மட்டும் கவனயீனம் ஆகாது. சொல்லாமல் விட்டதும், பிறகு கவனிக்காமல் விட்டதுமே உங்கள் பிடி.

அந்தப் பிடியை மிச்சக் காசுக்காக விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாக்கி கேட்டுக் கடிதம் போட்ட அன்றே நீங்கள் நோயாளி அல்ல, முட்டை விற்றவர். பேரமே பொதுக்கொள்கைக்கு முரண் என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். இருவருமே தவறில் கூட்டு என்றால் நீதிமன்றம் யாருக்கும் கை கொடுக்காது. இந்தியாவின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் வாழ்நாளில் ஒரு தடவை, 7 முட்டைக்கு மேல் இல்லை என்கிறது. யூடியூப்பில் பார்த்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், இங்கே செல்லாது.

அதைவிடப் பெரிய குழி அடையாள அட்டை. பிறருடைய அட்டையைக் காட்டுவது 1968 ஆம் ஆண்டின் ஆட்களைப் பதிவு செய்யும் சட்டப்படி குற்றம். முறைப்பாடு கொடுக்கப் போனவரே சந்தேகநபராவார். அதோடு கிளினிக் கோவையில் முட்டை கொடுத்தவர் மச்சாள், வார்டு டிக்கட்டில் கிடந்தவர் நீங்கள். இரண்டையும் எப்படி இணைப்பது? குழந்தை வைத்திய நிபுணர் பிரியானி சொய்சாமீது, இறந்துபோன சிறுமியின் தந்தை போட்ட வழக்கில் கவனயீனம் இருந்தது என்று ஏற்ற பிறகும், அதுதான் மரணத்துக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படாததால் 2001 இல் உயர் நீதிமன்றத்தில் வழக்காளி தோற்றார். அங்கே நோயாளி யார் என்ற சந்தேகமாவது இல்லை.

ஆகவே வழக்கு வேண்டாம், இணக்கத்துக்குப் போங்கள். வார்டுச் செலவு, இழந்த சம்பளம், இனி வரும் ஸ்கேன் செலவு, இவ்வளவையும் சட்டத்தரணி மூலம் கேளுங்கள். அட்டையைச் சரியாகப் பார்க்காத கிளினிக்கும் நீதிமன்றம் ஏற விரும்பாது. 2 ஆண்டு கடந்தால் தீங்குக்கான வழக்கு காலாவதி. பிறகு உங்களை யாரும் பேச்சுக்கு அழைக்கமாட்டார்கள். ‘இனி எதுவும் கோரேன்’ என்ற தாளை நீட்டினால், பெண்நோயியல் நிபுணர் உங்களைப் பரிசோதிக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.

டயக்னோசிஸ் கார்டை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள். மச்சாளிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு சட்டத்தரணி வேண்டியிருக்கும், ஆனால் அது நானாக இருக்க முடியாது.