மாட்டுக்கு நரம்புக் கோளாறு: ரத்தத்தில் எது தெரியும், எது தெரியாது?

கேள்வி: டாக்டர், கன்று போட்டு மூன்று வாரம் ஆன ஜெர்சிக் கலப்பு மாடு. இரண்டு நாளாகத் தீவனம் தொடவில்லை, சுவரை நக்குகிறது, சுற்றிச் சுற்றி நடக்கிறது. மூளைக் காய்ச்சலா?

பதில்: மூன்று வாரம் என்றதுமே எனக்குக் கீட்டோசிஸ் மேல்தான் சந்தேகம். கறக்கிற பாலுக்கு ஈடாகத் தின்னாத மாட்டுக்கு உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கீட்டோன் ஏறும், சில மாடுகளுக்கு அது இப்படி நரம்புக் கோளாறாகவே வெளியே தெரியும். மனிதர்களுக்கான கீட்டோன் மீட்டரே போதும் (சர்க்கரை மட்டும் காட்டுகிற மீட்டர் இல்லை). ரத்தத்தை வாலில் எடுக்கச் சொல்லுங்கள், மடி ரத்தக்குழாயில் எடுத்தால் அளவு குறைத்துக் காட்டும். லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினாலே கவனிக்கணும், 3-க்கு மேல் என்றால் சந்தேகமே வேண்டாம். அதுவரை யாரும் வாய்க்குள் கை விடாதீர்கள், வெறிநோயும் இப்படித் தொடங்கலாம்.

கேள்வி: அப்போ வெறிநோய்க்கு ரத்தப் பரிசோதனை இல்லையா சார்?

பதில்: உயிரோடு இருக்கும் மாட்டில் நம்பி முடிவெடுக்கிற மாதிரி இல்லை. வைரஸ் நரம்பு வழியாகவே மூளைக்குப் போகிறது, எதிர்ப்பொருள் உருவாவதும் ரொம்பத் தாமதம். செத்த பிறகு மூளைத் துண்டைச் சோதித்துத்தான் உறுதி செய்கிறோம். எச்சில் ஒழுகுகிறதே, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கும் என்று கையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள்.

கேள்வி: பழைய பேட்டரித் தகட்டை நக்கிய கன்று, கண் தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது.

பதில்: பேட்டரித் தகட்டில் இருக்கும் ஈயத்தை ரத்தத்தில் நேராகவே அளக்கலாம். ஆனால் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரிகிற தெளிந்த நீர்) அனுப்பாதீர்கள், ஈயம் சிவப்பணுக்களில்தான் ஒட்டியிருக்கும், உறையாத முழு ரத்தம் வேண்டும். மற்ற மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: பைத்தியப் பசு நோயை இப்போதாவது முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடிகிறதா?

பதில்: இல்லை. 1986-இல் பிரிட்டனில் கண்டறிந்த நோய், அங்கே மட்டும் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளில் உறுதியானது, இருந்தும் உயிருள்ள மாட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை கிடையாது. இந்த நோயைத் தருகிற பிரியான் என்பது மாட்டின் சொந்தப் புரதமே மடிப்பு மாறிப்போனது, அதனால் உடம்பு அதை எதிரியாகவே பார்ப்பதில்லை, எதிர்ப்பொருளும் வராது. மூளைத்தண்டில் ஒரு துண்டு எடுத்துத்தான் பார்க்கணும்.

கேள்வி: டாக்டர், முதலில் கேட்டவன்தான். வாலில் எடுத்தோம், மீட்டரில் 3.8 காட்டுது.

பதில்: சரி, அப்புறம் என்ன யோசனை? உங்கள் ஊர் கால்நடை மருத்துவரை இப்போதே கூப்பிட்டு ரத்தக்குழாயில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லுங்கள். நாளைக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.