ஓதுகிற பிள்ளை கேள்வி கேட்டால்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. சாயங்காலம் மதரஸாவில் ஓதுகிறான். பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். ஒருநாள் “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டதற்கு ஹஜ்ரத் (ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்) அதட்டிவிட்டாராம். “அந்தக் காலத்து ஆலிம்களும் இப்படித்தான் ஓதினார்கள்” என்கிறார் என் கணவர். சரிதானா?

பதில்: பாதி சரி, சகோதரி. மனனம் இல்லாமல் அந்தக் காலத்தில் யாரும் ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், ஆனதில்லை. ஆனால் மனனத்தோடு நின்றுபோனவர்களைப் பற்றி அந்தக் காலத்து ஆலிம் ஒருவரே எழுதியிருக்கிறார்.

துனிஸில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன், முகத்திமா என்ற நூலில் ஒரு கணக்கு சொல்கிறார். மொராக்கோவில் மாணவர் மதரஸாவில் தங்கிப் படிக்க 16 வருஷம். துனிஸில் வெறும் 5. ஏன் மொராக்கோவில் அவ்வளவு காலம்? பாடத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், ஓயாமல் மனனம் செய்வார்கள். மனனத்தில் மற்றவர்களைவிடக் கெட்டிதான். விவாதிக்கச் சொன்னால் மட்டும் நாக்கு எழாது. பேசிப் பேசித்தான் கல்வி கைக்கு வரும் என்பது அவர் முடிவு. அதட்டி வளர்க்கும் பிள்ளை பயத்தில் பொய்யும் பாசாங்கும் பழகிக்கொள்ளும் என்றும் அதே நூலில் எச்சரிக்கிறார்.

ஹஜ்ரத் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஸ்பெயினின் செவில் நகரத்து காழி (நீதிபதி) அபூபக்ர் இப்னுல் அரபி, முதலில் மொழியும் கவிதையும், அடுத்து கணக்கு, அப்புறம்தான் குர்ஆன் என்று யோசனை சொன்னார். புரியாததைப் பிள்ளை ஏன் ஓத வேண்டும் என்பது அவர் கேள்வி. நல்ல முறைதான் என்று இப்னு கல்தூனும் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் குர்ஆனை முதலில் ஓதவைக்கும் ஊர் வழக்கத்தை அவர் விடவில்லை. வளர்ந்துவிட்டால் பிள்ளை பெற்றோர் சொல் கேட்காது, குர்ஆன் ஓதாமலே போய்விடும் என்று பயம். பெற்ற நமக்கு அந்தப் பயம் தெரியாதா என்ன?

அதனால் மதரஸா வாசலில் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். அங்கே அவன் ஓதட்டும், பேச்சு வீட்டில் நடக்கட்டும். இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு பத்து நிமிஷம் போதும். யானைப் படையின் கதை சொல்லும் குர்ஆன் அத்தியாயமான சூரா ஃபீலில் ஆரம்பியுங்கள். ஐந்தே ஆயத்து (வசனம்), நிச்சயம் அவனுக்கு மனப்பாடமாக இருக்கும். தமிழ் தர்ஜமாவை (மொழிபெயர்ப்பை) பக்கத்தில் வைத்துக்கொண்டு, யானை எங்கே வருகிறது, பறவை எங்கே வருகிறது என்று அவனையே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, முழுக் கதையையும் அவன் வாயால் சொல்லட்டும். உட்கார்ந்து கேட்பது அவன் அத்தாவாக இருக்கட்டும்.