அப்பா டீமா, மவன் டீமா?

இந்த வாரம் வந்த கடுதாசியில பாதிக்கு மேல ஃபுட்பால்தான். அதுலயும் எந்த டீம் நல்லா ஆடுதுங்கத விட, எந்த டீமை விட்டுட்டுப் போகக்கூடாது, புள்ளைங்களுக்கு எதைக் காட்டிக் குடுக்கணும்ங்கதுதான் எல்லாரு மனசுலயும் கெடக்கு, அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சிட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, நான் காலேஜ் காலத்துல இருந்து மான்செஸ்டர் யுனைடெட். மவனுக்கு ஒம்பது வயசு, பொறந்த நாளுக்கு மான்செஸ்டர் சிட்டி ஜெர்சிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். என் மச்சினன் வேற, ஜெயிக்கிற பக்கம் போறவன்லாம் ஒரு ரசிகனான்னு புள்ள முன்னாலயே கிண்டல் பண்ணுதான். என் டீமை என் மவனும் பாக்கணும்னு நெனைக்கது தப்பா?
– ஒரு அப்பா, பாளையங்கோட்டை

பதில்: ஆசைப்படுதது தப்பே இல்ல தம்பி, தான் ரசிச்சதைப் புள்ளையும் ரசிக்கணும்னு நெனைக்காத தகப்பன் யாரு. ஆனா அவன் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க. யுனைடெட் கடைசியா இங்கிலாந்து லீக் ஜெயிச்சது 2013ல, மேனேஜர் ஃபெர்குசன் ஓய்வு வாங்கிட்டுப் போன வருஷம், அப்ப உங்க மவன் பொறக்கவே இல்ல. அவன் டிவி முன்னால உக்காந்து ஆட்டத்தைப் புரிஞ்சு பாக்க ஆரம்பிச்ச காலத்துல சிட்டி 2021ல இருந்து 2024 வரைக்கும் வரிசையா நாலு தடவ லீக், நடுவுல 2023ல லீக், எஃப்.ஏ. கப், சாம்பியன்ஸ் லீக்னு மூணையும் ஒரே சீசன்ல தூக்கிட்டுப் போனாவ. கண்ணு முன்னால நடந்ததைப் பாத்துப் புடிச்சிருக்கான், நீங்களும் உங்க காலத்துல அப்படித்தான புடிச்சிருப்பிய. அதனால ஜெயிக்கிற பக்கம் போறான்ங்க பேச்சு வீட்ல வேண்டாம், மச்சினன்கிட்ட கண்டிச்சே சொல்லிருங்க. ஒம்பது வயசுப் புள்ள தனக்குப் புடிச்சதைச் சொன்னதுக்குப் பெரியவங்க சிரிச்சா, அடுத்த தடவ எதையுமே வாயத் தொறந்து சொல்லாது.

ஜெர்சியை வாங்கிக் குடுங்க. வாங்கிக் குடுத்துட்டு பக்கத்துல உக்கார வச்சு 1999 மே மாசக் கதையைச் சொல்லுங்க, ஏன்னா அது உங்க ரெண்டு பேரு கதையும்தான். மே 26, பார்சிலோனாவுல கேம்ப் நூ மைதானம், சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், ஆறாவது நிமிஷமே பேயர்ன் மியூனிக் கோல் போட்டுட்டான், 90 நிமிஷம் முடியுத வரைக்கும் யுனைடெட் 0-1, அப்புறம் கூடுதலா குடுக்குத இஞ்சுரி டைம்ல ஷெரிங்காம் ஒண்ணு, சோல்ஷேர் ஒண்ணு. இது உங்களுக்குத் தெரியாததா. ஆனா அதே ஊரு சிட்டி அந்த வருஷம் எங்க கெடந்துச்சுன்னா மூணாவது டிவிசன்ல. நாலே நாளு கழிச்சு மே 30, வெம்ப்ளியில கில்லிங்காம்கூட, மேல் டிவிசனுக்கு யாரு ஏறுததுன்னு முடிவு பண்ணுத பிளே-ஆஃப் மேட்ச், 89 நிமிஷம் ஆகியும் 0-2, அம்புட்டுதான்னு எத்தனையோ சிட்டி ரசிகர்கள் எந்திரிச்சு வெளிய நடக்க ஆரம்பிச்சிட்டாவ, அந்நேரம் ஹார்லாக் ஒண்ணு போட்டாரு, இஞ்சுரி டைம்ல டிக்காவ் ஒண்ணு போட்டாரு, பெனால்டியில ஜெயிச்சு ரெண்டாவது டிவிசனுக்கு ஏறுனாவ. இன்னைக்கு உங்க மவன் பாக்குத அம்புட்டுக் கோப்பையும் அன்னைக்கு எந்திரிச்சுப் போகாம உக்காந்திருந்த சனங்க காத்த டீமோடது. இதை அவனுக்கு மச்சினன் சொல்ல மாட்டாரு, யுனைடெட்காரரான நீங்க சொன்னாத்தான் மனசுல நிக்கும்.

இன்னொண்ணு, தோக்கதுதான் ரசிகனைப் பண்ணுது. 2025 மே மாசத்தையே எடுத்துக்கோங்க, 17ஆம் தேதி எஃப்.ஏ. கப் ஃபைனல்ல சிட்டி கிரிஸ்டல் பேலஸ்கிட்ட 0-1, 21ஆம் தேதி யூரோப்பா லீக் ஃபைனல்ல யுனைடெட் டாட்டன்ஹாம்கிட்ட 0-1. அப்பாவும் மவனும் ஒரே வாரத்துல ஒரே ஸ்கோர்ல தோத்தவங்க. அந்த மாதிரி ராத்திரியில புள்ள அழுதா டிவியை அணைச்சிட்டுப் பக்கத்துல இருங்க, அழுகைய வச்சு உங்க டீமுக்கு இழுக்கப் பாக்காதிய. அப்புறம், நம்ம நேரத்துக்கு 8:30 மணி மேட்ச்னா சேந்து பாருங்க, சாம்பியன்ஸ் லீக் குளிர்காலத்துல ராத்திரி 1:30க்குத்தான் ஆரம்பிக்கும், காலைல பள்ளிக்கூடம் இருக்கு, அதுக்கு எந்த டீமா இருந்தாலும் அனுமதி கெடையாது.

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊர்ல ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறுனா காலைல எர்ணாகுளம். அப்படியே நாங்க நாலு பசங்க கொச்சியில கேரளா பிளாஸ்டர்ஸ் மேட்ச் பாத்துப் பழகிட்டோம். சென்னையின் எஃப்.சி. மேட்ச் ஒண்ணு கூட நேர்ல பாத்ததில்ல. தமிழ்நாட்டுல பொறந்துட்டு மஞ்சச் சட்டை போடுதது துரோகம்னு கூட்டாளி ஒருத்தன் சண்டைக்கு வாறான்.
– காலேஜ் மாணவர், தென்காசி

பதில்: துரோகம்ங்க வார்த்தையெல்லாம் பந்தாட்டத்துக்குள்ள கொண்டு வரக்கூடாது தம்பி. காசு செலவழிச்சு ரயில் ஏறிப் போயி கேலரியில நின்னு தொண்டை கட்டுத வரைக்கும் கத்துதவனை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. கேரளா ரசிகர்கள்கிட்ட கத்துக்கவும் இருக்கு, 2014, 2016, 2022னு மூணு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல்ல தோத்த டீம் அது, ஆனாலும் அந்த மஞ்சக் கூட்டம் அசையல பாத்தியளா.

ஆனா என் மனசுல இருக்கதையும் சொல்லிருதேன், சென்னையினுக்கு ஒரு வாய்ப்பு குடுங்க. 2015 டிசம்பர்ல சென்னையே வெள்ளத்துல கெடக்கு, சொந்த ஊர்ல செமி ஃபைனல் நடத்த முடியாம புனேக்குப் போனாவ, அங்க கொல்கத்தாவ 3-0ன்னு அடிச்சாவ, அப்புறம் கோவாவுல ஃபைனல், 87வது நிமிஷத்துல 1-2ன்னு பின்னால போயிட்டு கடைசியில மெண்டோசா கோல்ல 3-2ன்னு ஜெயிச்சு, வீடு வாசல் நனைஞ்சு நின்ன ஊருக்குக் கோப்பையக் கொண்டு வந்தாவ. 2018ல பெங்களூருக்கே போயி அவங்க மைதானத்துலயே இன்னொரு 3-2. இதை வாசிச்சா நெஞ்சு கொஞ்சமாவது துடிக்குதான்னு பாருங்க. துடிச்சா ஒரு தடவ பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிருங்க, சென்னை நேரு ஸ்டேடியத்துல பி ஸ்டாண்ட் பக்கம் உக்காருங்க. ரெண்டு டீமும் மோதுத அன்னைக்கு யாரு கோல் போட்டா நீங்க யோசிக்காம எந்திரிச்சு நிக்கியளோ அதுதான் உங்க டீம், அதுக்கப்புறம் கூட்டாளி சொல்லுததுக்கு வேலையே இல்ல.

ஊரு பாசம் எப்பவும் ஒரே பக்கம் இழுக்கும்னு நெனைக்காதிய. நம்ம தெக்குக் கடற்கரை, குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறைப் பையன் மைக்கேல் சூசைராஜ், 2020 மார்ச்ல சென்னையினை 3-1ன்னு தோக்கடிச்ச கொல்கத்தாவோட ஏ.டி.கே. டீம்ல இருந்தவர். சென்னையின் தோத்ததுக்கு வருத்தப்பட்டுக்கிட்டே அவருக்காகச் சந்தோசப்பட்ட சனங்க இந்தப் பக்கம் உண்டு, அதுவும் உண்மையான பாசம்தான்.

இதுல எனக்கு ஒரு ஆத்தாமையும் உண்டு. ரசிகன் டீமை விட்டுப் போகக்கூடாதுன்னு பேசுதோம், டீம் ரசிகனை விட்டுப் போனா யாரு கேக்கா? கோயம்புத்தூர்ல ஆடுன சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19ல இன்னொரு தேசிய லீக்கான ஐ லீக்கே ஜெயிச்சுது, மான்சி 21 கோல் போட்டாரு. ரெண்டே வருஷத்துல டீம் ஐ லீக்கை விட்டே போயிருச்சு. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துக்குத் தகப்பன் கையப் புடிச்சிட்டுப் போன புள்ளைக்கு இப்ப யாரு பதில் சொல்லுவா? 2025 ஜூலைல ஐ.எஸ்.எல்-ஐயே நிறுத்தி வச்சப்பவும் ரசிகன்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. விசுவாசம்ங்கது கேலரியில இருக்கவனுக்கு மட்டும்னு இருந்தா அது நியாயமே இல்ல.

கேள்வி: எனக்கு கிளப்பே கெடையாது. மெஸ்ஸி எங்க போறாரோ அங்க நானும். பார்சிலோனா, பாரிஸ், இப்ப மயாமி. என்னைய ரசிகனே இல்லன்னு சொல்லுதாவ.
– வள்ளியூர் வாசகர்

பதில்: நீங்க மெஸ்ஸி ரசிகர், அதுல என்ன கொறச்சல். 2022ல கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆத்துல மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோவுக்கு கட்-அவுட் வச்ச சனங்களை உலகமே பாத்துச்சு, அவங்களை யாரும் ரசிகன் இல்லன்னு சொல்லல. அவர் ஆட்டத்தை நிறுத்துன அன்னைக்கு உங்களுக்கு ரொம்ப வலிக்கும், அதை மட்டும் இப்பவே சொல்லி வைக்கேன்.

கேள்வி: நான் ஆர்சனல், எங்க வீட்டுக்காரர் லிவர்பூல். எங்களுக்கு மொத புள்ள வரப்போவுது. பேரு வைக்கதுல கூட சண்டை வரல, எந்த டீம் சட்டை போடுததுன்னு தெனமும் வாக்குவாதம். எங்க அத்தை ரெண்டு பேரையும் திட்டுதாவ.
– புது மருமவ, அம்பாசமுத்திரம்

பதில்: தாயி, மொதல்ல வாழ்த்து. உங்க ரெண்டு டீமும் காத்திருக்கத் தெரிஞ்ச டீம். லிவர்பூல் 1990க்கு அப்புறம் அடுத்த லீக் ஜெயிக்க 2020 ஆச்சு. ஆர்சனல் 2003-04ல ஒரு மேட்ச் கூட தோக்காம லீக் ஜெயிச்சிட்டு அதுக்கப்புறம் 20 வருஷத்துக்கு மேல காத்துக் கெடந்துச்சு. இம்புட்டு பொறுமை உள்ள ரெண்டு பேருக்கு, புள்ள வாயத் தொறந்து சொல்லுத வரைக்கும் பொறுக்க முடியாதா?

கொல்கத்தாவுல இது நூறு வருசத்துப் பழக்கம். மோகன் பகான் 1889ல ஆரம்பிச்சது, ஈஸ்ட் பெங்கால் 1920ல. ஒருத்தன் ஜெயிச்சா வீட்ல எறா, இன்னொருத்தன் ஜெயிச்சா இலிஷ்ங்க உல்லம் மீனுன்னு சமையலே டீமு பாத்து நடக்கும். ஆகஸ்ட் 2023ல ட்யூரண்ட் கப் டெர்பில, அதாவது ஒரே ஊரு ரெண்டு டீமும் மோதுத மேட்ச்சுல, நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் போட்ட ஒத்தக் கோல்ல ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சப்ப அந்தப் பக்கம் எத்தனை வீட்ல மீன் வெந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. ஆனா 2024 ஆகஸ்ட்ல, ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில டாக்டர் பொண்ணுக்கு நடந்த கொடுமைக்கு அப்புறம் டெர்பியை ரத்து பண்ணுனப்ப, அந்த ரெண்டு டீம் ரசிகர்களும் ஸ்டேடியம் வாசல்ல ஒண்ணா நின்னு நியாயம் கேட்டாவ. அந்த மாதிரி வீடா உங்க வீடும் இருக்கட்டும். புள்ளைக்கு ரெண்டு சட்டையும் தச்சு வைங்க, அத்தையை விட்டு மொதல்ல எதைப் போடணும்னு சொல்லச் சொல்லுங்க, திட்டும் கொறையும்.

கேள்வி: எங்க ஊரு ஹாக்கி ஊரு. ஆனா எம் மக ஆறாப்பு படிக்கா, பள்ளிக்கூடத்துல ஃபுட்பால் டீம்ல சேந்துட்டா. அவ அண்ணன் அறை முழுக்க ரொனால்டோ படம். நான் யாரை சப்போர்ட் பண்ணட்டும்மான்னு எங்கிட்ட கேக்கா, எனக்குச் சொல்லத் தெரியல.
– ஒரு அம்மா, கோவில்பட்டி

பதில்: அக்கா, இந்த வாரத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச கடுதாசி இதுதான். அவகிட்ட மதுரை சேது எஃப்.சி.ன்னு சொல்லுங்க. நம்ம பக்கத்துப் பொண்ணுங்க டீம், 2018-19ல இந்திய மகளிர் லீக்கே ஜெயிச்சாவ, ஃபைனல்ல மணிப்பூர் போலீஸை 3-1. தமிழ்நாட்டுப் பொண்ணுங்க 2018ல மணிப்பூரையும் 2023ல ஹரியானாவையும் ஃபைனல்ல தோக்கடிச்சு தேசிய சாம்பியன் ஆனவங்க. கடலூர்ப் பொண்ணு இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கே ஆடிருக்கா. இதெல்லாம் எத்தனை வீட்ல தெரியும்? பையனுக்கு டீம் பாத்து வைக்குதோம், பொண்ணு கேட்டா முழிக்கோம்.

இங்கிலாந்துலயே 1921ல பொண்ணுங்க ஆடுததுக்கு மைதானம் குடுக்கக்கூடாதுன்னு ஃபுட்பால் சங்கம் தடை போட்டுச்சு, அதை எடுக்க அம்பது வருஷம் ஆச்சு. இன்னைக்கு நாம அண்ணாந்து பாக்குத பெரிய கிளப்பெல்லாம் பொண்ணுங்களுக்குக் கதவத் தொறந்தது அதுக்கும் ரொம்பப் பின்னாலதான். அதனால உங்க மக, அவளைப் போல பொண்ணுங்க ஆடுத டீமை மொதல்ல பாக்கட்டும், அப்புறம் பார்சிலோனாவோ ஆர்சனலோ அவளே புடிச்சுக்கிடுவா, அங்கயும் மகளிர் டீம் இருக்கு.

அவ ஆடுத மேட்ச்சுக்கு நீங்க போங்க, அவ அண்ணனையும் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. வெயில் கொறைஞ்ச பொறவு வச்சாவன்னா நல்லது, காலைலன்னா தண்ணி ரெண்டு பாட்டில் கூடுதலா எடுத்துக்கோங்க. அவன் ரொனால்டோ சட்டையே போட்டுட்டு வந்தாலும் பரவாயில்ல, கத்தும்போது தங்கச்சி பேரைச் சொல்லிக் கத்தச் சொல்லுங்க.