கிராவல் பைக்கில் (மண், சரளைப் பாதையிலும் ஓட்டத் தோதான, சற்று அகலமான டயர் உள்ள சைக்கிளில்) கால்வாய்க் கரையோரமாக ஓட்ட ஆசை. ஆரம்பநிலைக்காரருக்குச் சரிப்படுமா, எப்படித் தயாராவது?

கார், லாரி பயம் இல்லாமல் இரண்டு மூன்று நாள் ஓட்ட வேண்டும், மலையேற்றமும் வேண்டாம், கால்வாய்க் கரை தோதாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோதுதான். ஆனால் ‘சமதளம்தானே, சும்மா ஓட்டிவிடலாம்’ என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். மேட்டில் ஓட்டுவதற்கு ஒரு கஷ்டம் என்றால் மட்டமான தரையில் ஓட்டுவதற்கு வேறொரு கஷ்டம். அதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

இந்தப் பழைய கரைப் பாதைகளைப் போட்டது சைக்கிளுக்காக இல்லை, படகை இழுத்துப்போகும் குதிரைக்காக. நீர்மட்டம் மாறும் இடத்தில் இருபுறமும் கதவு வைத்த தொட்டி மாதிரி ஒன்றைக் கட்டி, படகை அதற்குள் விட்டு ஏற்றி இறக்குவார்கள். அதுதான் லாக். ஒரு லாக்கிலிருந்து அடுத்த லாக் வரை தண்ணீர் எவ்வளவு மட்டமோ பாதையும் கிட்டத்தட்ட அவ்வளவு மட்டம். ஏற்றமெல்லாம் லாக்கை ஒட்டிய சின்னச் சரிவில் முடிந்துவிடும். அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை போகும் செசபீக் - ஒஹாயோ கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 297 கி.மீ., 74 லாக். இவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து உயர வித்தியாசம் 184 மீட்டர்தான். லாக்குகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் கதை வேறு. இங்கிலாந்தில் டிவைசஸ் ஊருக்குப் பக்கத்தில் 29 லாக்குகள் மூன்று கிலோமீட்டர் சொச்சத்துக்குள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அங்கே நன்றாகவே மூச்சு வாங்கும். அதனால் வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்க்காமல் லாக் எங்கே நெருங்கி வருகிறது என்றும் பாருங்கள்.

இப்போது அந்தக் கஷ்டம். மலைப்பாதையில் ஏறினால் இறக்கம் உண்டு; இறக்கத்தில் மிதிக்காமல் உட்காரலாம், எழுந்து நிற்கலாம், கையை உதறலாம். கால்வாய்க் கரையில் இறக்கமே கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். காலை முழுக்க ஒரே வேகம், ஒரே கியர், ஒரே உட்காரும் நிலை. கால் வலிப்பதற்கு முன்னால் பின்பக்கமும் உள்ளங்கையும் மரத்துப்போகும். இதற்கு உடல் பலம் உதவாது, பழக்கம்தான் உதவும். அரை மணிக்கு ஒருமுறை பத்து மிதி எழுந்து நின்று மிதியுங்கள், கியரை ஒன்று ஏற்றி இறக்கி மாற்றுங்கள், ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். புது சீட்டோடு நீண்ட பயணம் போகாதீர்கள். கிராவல் பைக்கின் வளைந்த ஹேண்டில்பாரில் கை மாற்றப் பல இடம் இருப்பதுதான் கரைப் பாதையில் அந்த வண்டிக்கு இருக்கும் பெரிய லாபம் என்பது என் கருத்து. வேகம் இரண்டாவதுதான்.

அடுத்தது காற்று. வெட்டவெளி, நேர்கோடு, ஒதுங்க ஒரு வளைவு இல்லை. எதிர்க்காற்றில் 40 கி.மீ. என்பது நல்ல காற்றில் 60 ஓட்டுவதற்குச் சமமாகத் தோன்றும். ஒருவழிப் பயணம் என்றால் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று முன்தினம் பார்த்துவிட்டுத் திசையை முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் தரை. ஒரே கால்வாயில்கூட ஒரே மாதிரி இருக்காது. பிரான்சின் கனால் டு மிடி இதற்கு நல்ல உதாரணம். 1666 முதல் 1681 வரை கட்டிய 240 கி.மீ. கால்வாய், துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகிறது. துலூஸ் விட்டுக் கிளம்பினால் முதல் 50 கி.மீ. அளவுக்கு வழவழப்பான தார்ப்பாதை. அதே தெம்பில் நாள் கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம் வருவது மண்தடம், குறுக்கே புடைத்த மரவேர். மழை பெய்தால் சேறு வேறு. நிழலுக்குப் பேர்போன பிளேன் மரங்கள் பூஞ்சை நோய் தாக்கி ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டதால் சில இடங்களில் வெயில் நேராக இறங்கும்.

சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துப் போட்டு இறுக்கிய பாதைதான் எனக்குப் பிடித்தது. காய்ந்திருந்தால் தார் ரோடு மாதிரியே ஓடும். நனைந்தால் அந்த வெள்ளைத் தூள் கூழாகி செயினிலும் பிரேக்கிலும் அப்பிக்கொள்ளும், மாலையில் கழுவாமல் விட்டால் மறுநாள் காலை கறகறவென்று சத்தம் வரும். மட்கார்டு அழகைக் கெடுக்கிறது என்று கழற்றிவிடாதீர்கள்.

டயர் 40 முதல் 45 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் போதும். பெரிய பட்டன் வைத்த டயர் தேவையில்லை, நடுவில் வழுவழுப்பாகவும் ஓரத்தில் சற்றுப் பிடிப்பாகவும் உள்ளதை எடுங்கள். காற்றை இறுக்கமாக அடிப்பதுதான் ரோடு சைக்கிளிலிருந்து வருபவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. எழுபது எழுபத்தைந்து கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. டியூப்லெஸ் டயரில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் ஆரம்பிக்கலாம், பின்சக்கரத்துக்கு இரண்டு மூன்று கூடுதல். டியூப் போட்ட டயர் என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் கல்லில் ஏறும்போது டியூப் நசுங்கிப் பஞ்சர் ஆகும். வேலிச் செடிகளை வெட்டும் பருவத்தில் பாதை முழுக்க முள் கிடக்கும். டியூப்லெஸ்ஸில் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) இருந்தால் பெரும்பாலும் தானே அடைத்துக்கொள்ளும். அப்படியும் ஒரு டியூப் கையில் இருக்கட்டும்.

பழைய பாலங்களுக்கு அடியில் வேகத்தைக் குறையுங்கள். பாதை சட்டென்று ஒரு ஆள் அகலத்துக்குக் குறுகும், தலை இடிக்கும் உயரத்தில் வளைவு இருக்கும், எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது. சில சரிவுகளில் குதிரையின் குளம்பு வழுக்காமல் இருக்க வரிசையாகச் செங்கலைத் தூக்கிப் பதித்திருப்பார்கள். ஈரமாக இருந்தால் குளம்பைப் பிடித்த அந்த வரிகளே டயரை வழுக்கிவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அப்படித் தள்ளும்போது பாலத்தின் ஓரத்தைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் பல பாலங்களில் விரல் பதியும் ஆழத்துக்குக் கோடு கோடாகத் தேய்ந்திருக்கும். குதிரை படகை இழுத்த ஈரக் கயிற்றில் ஒட்டிய மணல், வருடக்கணக்கில் அரம் போல அறுத்த தடம் அது. கல் தேயாமல் இருக்க இரும்புத் தகடு அடித்த இடத்தில் இரும்பிலும் அதே கோடு இருக்கும். நான் இவற்றைத் தடவிப் பார்க்காமல் தாண்டியதே இல்லை.

வண்டிகள் இல்லையே தவிர ஆட்கள் உண்டு. நடப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை. பெல் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்தே ஒருமுறை மென்மையாக அடித்தால் போதும், முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் திட்டுதான் வாங்குவீர்கள். தூண்டில் போடுபவரின் நீண்ட கம்பு பாதைக்குக் குறுக்கே கிடக்கும். அவர் எடுக்கும்வரை நில்லுங்கள். கால்வாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பதோ அதில் முகம் கழுவுவதோ கூடாது, எலிக்காய்ச்சல் வரலாம். கையில் சிராய்ப்பு இருந்தால் இன்னும் ஜாக்கிரதை.

எங்கே ஆரம்பிப்பது? முதல் பயணம் என்றால் அயர்லாந்தின் ராயல் கால்வாய்ப் பசுமைவழியை, அதாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான கரைப் பாதையைத்தான் சொல்வேன். 2021இல் திறந்தது, மேனூத்திலிருந்து குளோன்டரா வரை 130 கி.மீ., வழிநெடுக மேய்ச்சல் நிலமும் சின்ன ஊர்களும். இரண்டு நாளில் பதற்றமில்லாமல் முடிக்கலாம். அது பிடித்துப்போனால் செசபீக் - ஒஹாயோ. அங்கே பாவ் பாவ் என்ற இடத்தில் 950 மீட்டர் சுரங்கம் உண்டு, உள்ளே விளக்கு இல்லை, டார்ச் இல்லாமல் நுழையாதீர்கள். வெள்ளம் வந்தால் சில பகுதிகளை மூடுவார்கள், கிளம்பும் முன் அந்தக் கால்வாயைப் பராமரிக்கும் தேசியப் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பர்லாந்தில் முடித்த பிறகும் ஆசை தீரவில்லை என்றால், பழைய ரயில் தடத்தில் போட்ட கிரேட் அலிகெனி பாதை அங்கிருந்தே பிட்ஸ்பர்க் வரை 240 கி.மீ. தொடர்கிறது. ரயில் ஏற முடிந்த சரிவு என்பதால் செங்குத்தாக எங்கும் இருக்காது. ஆனால் கம்பர்லாந்து பக்கமிருந்து ஏறினால் முதல் 38 கி.மீ. சொச்சம் விடாமல் ஏற்றம், 500 மீட்டருக்கு மேல். பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தால் அதே ஏற்றம் நீளமாகப் பரவி, இருப்பதே தெரியாது. நான் இரண்டாவது கட்சி.

திரும்பி வருவதற்கு அதே வழியில் ஓட்ட வேண்டாம், அலுத்துவிடும். கால்வாய் போன சமவெளியிலேயே பின்னால் ரயிலும் போட்டதால் பல இடங்களில் இரண்டும் அருகருகே போகின்றன. ராயல் கால்வாயில் மல்லிங்கர் வரை தண்டவாளம் கூடவே வரும். காற்றுக்கு எதிர்த்திசையில் ரயிலில் போய் இறங்கி, காற்றோடு ஓட்டி வாருங்கள். சைக்கிளுக்கு ரயிலில் இடம் குறைவு, முன்பதிவு வேண்டுமா என்று மட்டும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.