தீவுல இருந்துக்கிட்டு நம்பகமான லேப்டாப் பேட்டரி வாங்குறது எப்படி?

கேள்வி: போர்ட் பிளேயர்ல இருக்கேன். டெல் இன்ஸ்பிரான் 15 3567 லேப்டாப், ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு. கரண்ட் போனா பத்து நிமிஷம்கூட தாங்க மாட்டேங்குது. ஆன்லைன்ல எந்த பேட்டரிய பாத்தாலும் உங்க பின்கோடுக்கு டெலிவரி இல்லைனு வருது, ஆனா புது லேப்டாப்னா மட்டும் அனுப்புறாங்க. இங்க ஒரு கடைல ஒரே ஒரு பேட்டரி இருக்கு, 5200 எம்ஏஎச், ஒரிஜினல்னு சொல்றாங்க. பில் தருவாங்க, ஆனா திருப்பி எடுக்க மாட்டாங்களாம். வாங்கலாமா?

பதில்: அந்த 5200-ஐ வாங்காதீங்க. காரணம் கீழ சொல்றேன், அதுக்கு முன்னாடி பேட்டரிதான் போச்சான்னு ஒரு தடவ உறுதி பண்ணிக்குங்க, ஏன்னா 100 சதவீதம் காட்டிட்டு பத்து நிமிஷத்துல அணையுதா, இல்ல சார்ஜே ஏறாம 10, 15 சதவீதத்துலயே நின்னுட்டு அங்கிருந்து அணையுதான்னு நீங்க எழுதல. ரெண்டும் வேற வேற வியாதி.

டெல் சார்ஜர் பின்னுக்கு நடுவுல ஊசி மாதிரி ஒரு மெல்லிசு கம்பி இருக்கும் பாத்திருப்பீங்க. அது கரண்டுக்கு இல்ல, நான் இத்தன வாட் அடாப்டர்னு லேப்டாப்புக்கு சொல்றதுக்கு. அந்த ஊசி வளைஞ்சாலோ, உள்ள ஒயர் விட்டுப்போனாலோ, லோக்கல் சார்ஜர் போட்டாலோ லேப்டாப் ஓடும், ஆனா பேட்டரிய சார்ஜ் பண்ணாது. இது தெரியாம நல்ல பேட்டரிய குப்பைல போட்டவங்க நிறைய பேர். ஆன் பண்ணும்போது எஃப்2 தட்டி பயாஸ் (விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் திரை) உள்ள போங்க, அடாப்டர் டைப்னு இருக்கிற இடத்துல 45 வாட் இல்ல 65 வாட்னு காட்டினா சரி, அடையாளம் தெரியலைங்கிற மாதிரி காட்டினா மொதல்ல சார்ஜர மாத்துங்க. எஃப்12 தட்டினா வர்ற மெனுவுல டயக்னாஸ்டிக்ஸ் இருக்கும், அதுல பேட்டரி பத்தி என்ன சொல்லுதுன்னும் பாருங்க. கடல் காத்து அடிக்கிற ஊருங்கிறதால இன்னொன்னு. உங்க மாடல்ல பேட்டரி வெளியிலயே லாக் தள்ளினா கழண்டு வர்ற மாதிரிதான் இருக்கு, மெஷின ஆஃப் பண்ணி சார்ஜர உருவிட்டு பேட்டரிய கழட்டி அந்த தகடு காண்டாக்ட பாருங்க, பச்சையாவோ கருப்பாவோ பிடிச்சிருந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்ச தொட்டு துடைச்சு நல்லா காயவிட்டு மாட்டிப் பாருங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் பத்து நிமிஷம்தான்னா பேட்டரி முடிஞ்சுது, அத்தன வருஷத்துக்கு அது உழைச்சதே பெருசு.

இப்ப அந்த டெலிவரி மர்மம். புது லேப்டாப் வரும், பேட்டரி மட்டும் வராதுங்கிறது கம்பெனிக்காரன் உங்க தீவ ஒதுக்குறதால இல்ல. லித்தியம் அயான் பேட்டரிய தனியா சரக்கா பயணிகள் விமானத்துல ஏத்தக்கூடாதுன்னு 2016 ஏப்ரல்ல இருந்து உலகம் முழுக்க தடை இருக்கு, சரக்கு விமானத்துல அனுப்பினாலும் 30 சதவீதத்துக்கு மேல சார்ஜ் இருக்கக்கூடாது. லேப்டாப்புக்கு உள்ள மாட்டின பேட்டரி இந்த தடைக்குள்ள வராது, அதுக்கு விதி வேற. மதுரைக்கோ சேலத்துக்கோன்னா லாரில ஏத்தி விட்டுருவான், உங்களுக்கு லாரி ரோடு கிடையாது, அவ்வளவுதான் விஷயம். சில ஏஜென்ட் ஸ்பேர் பார்ட்ஸ்னு எழுதி அனுப்பிரலாம்பான், அந்த வேலையே வேணாம், தீப்பிடிச்சா எரியறது ஆளுங்க உக்காந்திருக்கிற விமானம்.

ஆனா பயணி ஒருத்தர் தன் கைப்பைல உதிரி பேட்டரி கொண்டு வர்றதுக்கு அனுமதி உண்டு. 100 வாட் அவர் (பேட்டரில மொத்தம் எவ்வளவு மின்சாரம் அடங்கும்ங்கிற அளவு) வரைக்கும் யார்கிட்டயும் தனியா கேக்க வேண்டியதில்ல, உங்களுக்கு வேண்டியது வெறும் 40. கைப்பைலதான் வரணும், செக்-இன் பெட்டிக்குள்ள போட்டா பிடிச்சு வெளிய எடுத்துருவாங்க. காண்டாக்ட் மேல டேப் ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் கவர்லயோ அதோட சொந்த டப்பாலயோ போட்டுக்கணும், சாவிக்கொத்து சில்லறையோட சேத்து போடக்கூடாது. ஆக உங்க வழி இதுதான், சென்னைல இருந்து அடுத்து யாரு வர்றாங்கன்னு பாருங்க, போர்ட் பிளேயர்ல ஒரு தெருவுக்கு நாலு வீட்டுல சென்னைப் பக்கம் சொந்தக்காரங்க இருப்பாங்க, அதனால இது பெரிய கஷ்டமா இருக்காது.

சரி, அந்த 5200. உங்க மாடலுக்கு டெல் போடுற பேட்டரி நம்பர் எம்5ஒய்1கே. 14.8 வோல்ட், 40 வாட் அவர். உள்ள நாலு உருளை செல் வரிசையா ஒன்னு பின்னாடி ஒன்னா கோத்திருக்கும், ஒரு செல் 3.7 வோல்ட், நாலு சேந்தா 14.8. இப்படி வரிசையா கோக்கும்போது வோல்ட்தான் கூடும், எம்ஏஎச் கூடாது, ஒரு செல்லுக்கு என்ன எம்ஏஎச்சோ அதுதான் மொத்த பேட்டரிக்கும். ஒரிஜினல் 40 வாட் அவர்ங்கிறத 14.8-ஆல வகுத்தீங்கன்னா 2.7 வரும், அதாவது 2700 எம்ஏஎச் பக்கம். இந்த செல் 18 மில்லிமீட்டர் குறுக்கு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனாலதான் 18650-ன்னு பேரு. அந்த சைஸ்ல நல்ல கம்பெனி செல்லே 3500 எம்ஏஎச்ச ஒட்டி நின்னுரும். 5200 வேணும்னா எட்டு செல் வெக்கணும், எட்டு செல் வெச்சா பேட்டரி உங்க லேப்டாப் குழில உக்காராது, அடியில பொடச்சுக்கிட்டு நிக்கும். கடைல இருக்கிறது ஒரிஜினல் சைஸ்லயே இருக்குன்னா அந்த ஸ்டிக்கர் பொய், ஸ்டிக்கர்லயே பொய் சொன்னவன் உள்ள என்ன செல் போட்டிருப்பான்னு நான் சொல்லவேண்டியதில்ல.

இதுல இருந்து ஒரு பழக்கம் எடுத்துக்குங்க, எம்ஏஎச்ச பாக்காதீங்க, வாட் அவர பாருங்க. வாட் அவர் எழுதலைன்னா வோல்ட்டயும் ஆம்பியர் அவரயும் பெருக்கிக்குங்க, எம்ஏஎச்ச ஆயிரத்தால வகுத்தா ஆம்பியர் அவர். கடைல கம்பேட்டிபிள்னு, அதாவது வேற கம்பெனி செஞ்சு உங்க மாடலுக்கு பொருந்துறதுன்னு குடுக்கிறது பெரும்பாலும் 14.8 வோல்ட் 2200 எம்ஏஎச்னு இருக்கும், பெருக்கினா 32 புள்ளி சொச்சம் வாட் அவர். அது ஏமாத்து இல்ல, கொஞ்சம் சின்ன பேட்டரி, அவ்வளவுதான், உண்மைய எழுதியிருக்கான். 32-ன்னு எழுதி 32 குடுக்கிறவன் மேல எனக்கு மரியாதை உண்டு, ஒரிஜினல்னு கூவி பாதி விலைக்கு தர்றவன் மேல இல்ல.

ஒரிஜினல்லயும் ஒரு கண்ணி இருக்கு, இத பலபேர் கவனிக்கிறதில்ல. உங்க மாடல் 2016, 17 காலத்து மாடல், அந்த காலத்துலயே செஞ்சு குடோன்ல கிடந்த பேட்டரி சீல் பிரிக்காத டப்பாவோட இன்னிக்கும் வரும். நூத்துக்கு நூறு ஒரிஜினல்தான், ஆனா லித்தியம் செல் யூஸ் பண்ணாம வெச்சாலும் வயசாகும், உள்ள இருக்கிற சர்க்யூட்டும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிக்கிட்டே இருக்கும், வருஷக்கணக்குல சார்ஜ் இல்லாம கிடந்தா செல் வோல்ட் ரொம்ப இறங்கி திரும்ப எழவே எழாது. அதனால தேதி பாக்கணும். டெல் பேட்டரி மேல ஒரு நீள நம்பர் இருக்கும், சிஎன்-னு நாட்டுக் குறில ஆரம்பிக்கும், அடுத்து ஒரு சைபரோட பார்ட் நம்பர், அடுத்து செஞ்ச கம்பெனிக்கான குறி, அதுக்கடுத்து மூணே எழுத்துல ஒரு துண்டு வரும், அதுதான் தேதி. மொத எழுத்து வருஷத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம், மூணாவது நாள். மாசம் 9 வரைக்கும் எண், அக்டோபருக்கு ஏ, நவம்பருக்கு பி, டிசம்பருக்கு சி. நாளும் அதே கதைதான், 10-ல இருந்து ஆங்கில எழுத்து. 4பி2-ன்னு இருந்தா 2024 நவம்பர் 2. 7-ல ஆரம்பிச்சா அது 2017, டப்பா எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் கும்பிடு போட்டு வெச்சுட்டு வந்துருங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள செஞ்சதுன்னா எடுக்கலாம்.

இன்னொரு குறி, இந்தியால விக்கிற லேப்டாப் பேட்டரி மாதிரி கையடக்க லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ்ங்கிற இந்திய தர நிர்ணய அமைப்போட பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046-ன்னு போட்டு பக்கத்துல ஆர்-னு ஆரம்பிக்கிற எட்டு இலக்க நம்பர் இருக்கணும். பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பர போட்டா எந்த கம்பெனி, எந்த பொருளுக்குன்னு வந்துரும். பேட்டரி நம்பர போட்டா பவர் பேங்க் கம்பெனி பேரு வருதுன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே புரியும். ஸ்டிக்கர்ல எல்லாத்தையும் காபி அடிக்கலாம்தான், ஆனா டுபாக்கூர் பேட்டரிக்காரன் அவ்வளவு சிரமம் எடுத்துக்கிறதில்ல, முக்கால்வாசி இந்த ரெண்டு செக்லயே மாட்டிக்குவான்.

உங்களுக்கு ரிட்டர்ன் வசதி கிடையாதுங்கிறதால செக் பண்றத எல்லாம் பணம் குடுக்கிறதுக்கு முன்னாடி, சென்னை கவுன்டர்லயே முடிச்சுரணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல எம்5ஒய்1கே கேட்டா கிடைக்கும், இந்த 3567-ம் அதே பேட்டரி போடுற இன்னும் சில டெல் மாடலும் நம்ம ஊர்ல நிறைய ஓடினதால இதுக்கு இன்னும் கிராக்கி இருக்கு. போறவருக்கு கம்ப்யூட்டர் தெரியணும்னு அவசியமில்ல, பேட்டரியோட லேபிள் பக்கத்த கிட்டக்க போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க, நீங்க வீட்டுலயே உக்காந்து பார்ட் நம்பர், வாட் அவர், தேதி, ஆர் நம்பர் நாலையும் பாத்துட்டு சரின்னு சொன்னதுக்கு அப்புறம் பணம் குடுக்கட்டும். பழைய பேட்டரி லேபிள் போட்டோவயும் அவர் போன்ல ஏத்தி விடுங்க, கடைக்காரர் வேற நம்பர எடுத்து இதுவும் அதுவும் ஒன்னுதான்னு நீட்டினா ஒப்பிட்டுப் பாக்க உதவும், அப்படி வேற நம்பர் இருந்தாலும் வோல்ட் 14.8, காண்டாக்ட் இருக்கிற இடமும் லாக் இருக்கிற இடமும் ஒன்னா இருந்தா ஒத்துக்கலாம். கடைல அந்த மாடல் மெஷின் இருந்தா மாட்டி காட்டச் சொல்லுங்க, நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். பில்லுல பார்ட் நம்பரும் வாரண்டி மாசமும் எழுதி வாங்கணும், வெறும் லேப்டாப் பேட்டரி ஒன்னுன்னு எழுதின பில் எதுக்கும் ஆகாது. ஒரிஜினல் புது தேதில கிடைக்கலைன்னா லேப்கேர் மாதிரி சொந்த பேர் போட்டு, ஆர் நம்பரோட வாரண்டியும் குடுக்கிற கம்பேட்டிபிள் எடுத்துக்குங்க, பழைய ஒரிஜினல விட புது கம்பேட்டிபிள் மேல்.

கைக்கு வந்ததும் மாட்டி ஆன் பண்ணுங்க, எத்தன சதவீதம் இருக்குன்னு பாருங்க. ஓரளவு சார்ஜோட வந்தா நல்லது, சைபர்ல செத்துக் கிடந்தா பழைய சரக்குன்னு சந்தேகப்படணும். அப்புறம் விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து powercfg /batteryreport-னு ஆங்கிலத்துல அடிச்சு என்டர் தட்டினா ஒரு ஃபைல் உருவாகும், எங்க இருக்குன்னு அதுவே சொல்லும். அதுல டிசைன் கெப்பாசிட்டி 40,000 மில்லிவாட் அவர், அதாவது 40 வாட் அவர் பக்கமும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி அதுக்கு கிட்டக்கவும் இருக்கணும், சைக்கிள் கவுன்ட் (எத்தன தடவ முழுசா சார்ஜ் ஏறி இறங்கியிருக்குங்கிற கணக்கு) சைபரோ ஒன்னு ரெண்டோதான் இருக்கணும், 200, 300-ன்னு இருந்தா யாரோ ஓட்டின பேட்டரிக்கு புது சட்டை மாட்டி வித்திருக்கான். சில பேட்டரி சைக்கிள் கவுன்ட் காட்டவே காட்டாது, அத வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க.

அந்த ரிப்போர்ட்டும் பேட்டரிக்குள்ள இருக்கிற சிப் சொல்றத அப்படியே ஒப்பிக்கிறதுதான், சிப்ல 40,000-ன்னு எழுதி வெச்சுட்டு உள்ள மட்டமான செல் போடுறவனும் இருக்கான். அதனால கடைசி பரீட்சை கடிகாரம்தான். முழுசா சார்ஜ் ஏத்தி, சார்ஜர கழட்டி, வெளிச்சத்த பாதில வெச்சு ஒரு வீடியோவ ரிப்பீட்ல ஓட விடுங்க. லேப்டாப் 10 வாட் பக்கம் இழுக்குதுன்னா 40 வாட் அவர் பேட்டரி நாலு மணி நேரம், 32 வாட் அவர் பேட்டரி மூணு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல வரணும். ஒன்றரை மணில படுத்துருச்சுன்னா எழுதினது பொய். அதவிட முக்கியமா சதவீதம் எப்படி இறங்குதுன்னு பாருங்க, சீரா இறங்கணும், 40-ல இருந்து பட்டுனு அணைஞ்சா நாலு செல்லுல ஒன்னு நொண்டின்னு அர்த்தம், மத்த மூணும் நல்லா இருந்தும் பிரயோஜனமில்ல. சார்ஜ் ஆகும்போது வெதுவெதுன்னு இருக்கலாம், கை வெக்க முடியாத சூடுன்னா உடனே கழட்டுங்க. இத்தனையும் வந்த மொத வாரத்துலயே பண்ணிருங்க, ஊர்ல இருந்து வந்தவர் திரும்பிப் போறதுக்குள்ள தெரிஞ்சா அவர் கைலயே குடுத்து மாத்தலாம்.

பழைய பேட்டரிய உடைச்சு உள்ள புது செல் மாத்தித் தர்றேன்னு யாராவது சொன்னா வேணாம்னுருங்க. ஒரு தடவ செல் வோல்ட் இறங்கிட்டா சிப் பூட்டிக்கும், செல் புதுசானாலும் அது திறக்காது, அத திறக்கத் தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி, வெல்டிங் சரியில்லைன்னா வேற ஆபத்து. பழைய பேட்டரிய கடலோரக் குப்பைலயும் போட்டுறாதீங்க, காண்டாக்ட்ல டேப் ஒட்டி தனியா வெச்சு இ-வேஸ்ட் எடுக்கிற இடத்துல குடுங்க.

உங்க தொல்லை கரண்ட் கட் மட்டும்தான், லேப்டாப்ப வெளிய தூக்கிட்டு போறதில்லைன்னா ஒரு சின்ன 600 விஏ யூபிஎஸ் உள்ளூர்லயே கிடைக்குமான்னு கேளுங்க, பேட்டரி வர்ற வரைக்கும் அதுல லேப்டாப்போட வைஃபை ரூட்டரையும் சேத்து ஓட்டலாம். அந்த உள்ளூர் கடைக்காரரயும் விட்டுறாதீங்க. அவருக்கு சரக்கு சென்னைல இருந்து கப்பல்லதான் வந்திருக்கும், எம்5ஒய்1கே, 40 வாட் அவர், இந்த வருஷத்து தேதின்னு ஒரு சீட்டுல எழுதி குடுத்து அடுத்த சரக்குல வரவழைப்பீங்களா, லேபிள் பாத்துட்டு பணம் தர்றேன்னு கேளுங்க. ஒத்துக்கிட்டாருன்னா யாரோட கைப்பையையும் எதிர்பாக்க வேண்டியதில்ல, வாரண்டிக்கும் பக்கத்துலயே ஆள் இருக்கும்.