என் மகனின் பாட்டுகளை ஒளிந்து கேட்கிறேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 47. குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன ரப்பர் விளை இருக்கிறது. நானும் கணவரும்தான் பால் வெட்டுகிறோம். மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டலில் இருக்கிறான்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது அவன் போன் உடைந்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்த ஐந்து நாளும் என் போனில்தான் பாட்டு கேட்டான். போகும்போது அந்த ஆப்பில் தன் கணக்கை மூடாமலே போய்விட்டான். ஒருநாள் விளையில் நிற்கும்போது கைபட்டு ஏதோ ஒன்று பாட ஆரம்பித்தது. கையெல்லாம் பால், நிறுத்த முடியவில்லை. அப்படித்தான் தொடங்கியது.

1984-ல் நாகர்கோவில் வானொலி வந்தபோது எனக்கு ஆறு வயது. இளையராஜா, அப்புறம் ரகுமான் என்று கல்யாணம்வரை ரேடியோதான் துணை. அதன்பிறகு ஒரு புதுப்பாட்டையும் நானாகத் தேடிப் போனதில்லை. இப்போது இவன் கணக்கில் யோகி பி, நட்சத்ரா என்று மலேசியத் தமிழர்கள். 2006-லேயே அவர்கள் தமிழில் ராப் ஆல்பம் போட்டிருக்கிறார்களாம், எனக்கு இப்போதுதான் தெரியும்! முதலில் சண்டை போடுவதுபோல இருந்தது. நாலாவது நாள் வாய் தானாக முணுமுணுக்கிறது. அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் கதையை ஏற்ற ஏற்ற, குடம் அடிப்பவர் தாளத்தை முறுக்குவாரே, அந்த வேகம். கொரியப் பாட்டுகளும் இருக்கின்றன. ஒரு வார்த்தை புரியாது. ஆனால் மரத்துக்கு மரம் நடக்கும் நடைக்குச் சரியாக இருக்கிறது. கணவர் "உனக்கு என்ன பிராந்தா?" என்கிறார்.

பிரச்சினை வேறு. ஒரே கணக்கு என்பதால் நான் இங்கே பாட்டை ஓடவிட்டால் அவனுக்கு அங்கே நின்றுவிடுகிறது. போன வாரம் போன் பண்ணினான். "அம்மா, எவனோ என் அக்கவுண்டுல நுழைஞ்சிருக்கான், பரீட்சை முடிஞ்சதும் பாஸ்வேர்ட மாத்தணும்" என்றான். நான் "ம்" கொட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. வெட்டுக்குப் போக மூன்று மணிக்கு எழுந்திருப்பேன். ஆப்பைத் திறந்தால் அவன் போனில் அப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டும். இரண்டு வாரமாக ஒரே பாட்டு. சோகமான பாட்டு. பிள்ளை ஏன் உறங்கவில்லை? கேட்டால் எப்படித் தெரியும் என்பான். கேட்காமலும் இருக்க முடியவில்லை. நான் செய்வது ஒட்டுக்கேட்பதா?

ஒரு தாய், கன்னியாகுமரி மாவட்டம்

ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகன் பாஸ்வேர்டை மாற்றுவதற்குள் இந்தப் பதில் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் முதல் கவலை.

பாட்டைப் பற்றி முதலில். நாலாவது நாள் பிடித்துப்போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் காதிலோ கண்ணிலோ பட்டாலே அதன்மேல் பிரியம் கூடும் என்று ராபர்ட் ஸையான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் எழுதினார். பால் பிசுபிசுக்கும் கையோடு நிறுத்த முடியாமல் கேட்டீர்களே, அதுவே போதும். பதின்பருவத்திலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டுகளோடுதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். நீங்களும் கல்யாணத்தோடு நின்றவர்தான். 2013-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தங்கள் காலத்துப் பாட்டோடு, பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகளிலும் தனி ஒட்டுதல் இருப்பது தெரிந்தது. வீட்டில் ஓடும் பாட்டு பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் போல. உங்கள் மகனிடமும் நாகர்கோவில் வானொலி கொஞ்சம் மிச்சம் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

ஒட்டுக்கேட்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கைபட்டு ஓடிய பாட்டைக் கேட்டது ஒட்டுக்கேட்பது இல்லை. விரும்பித் திரும்பக் கேட்டதும் அப்படி இல்லை. ஆனால் அவன் போனில் என்ன ஓடுகிறது என்று மூன்று மணிக்குத் திறந்து பார்க்கிறீர்களே, அது அந்தப் பக்கம்தான். தாய் மனசுதான், புரிகிறது. இருந்தாலும் அவனுக்குத் தெரியாமல் நடக்கிறது. அதோடு, யாரோ தன் கணக்கில் நுழைந்துவிட்டார்கள் என்று பரீட்சை நேரத்தில் அவன் பயந்துகொண்டிருக்கிறான். அந்தப் பயத்தை இன்றே எடுத்துவிடலாம்.

"மக்ளே, உன் அக்கவுண்டுல நுழைஞ்ச கள்ளன் நான்தான்." இதைச் சொல்லுங்கள். சிரிப்பான், அல்லது கொஞ்சம் முறைப்பான். என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் மறைக்காதீர்கள். அப்புறம் பிடித்த பாட்டுகளைச் சொல்லுங்கள். மூன்று மணிப் பேச்சை நீங்களாக அன்றைக்கே எடுக்க வேண்டாம். எடுத்தால் பாட்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் அதற்கு முன்னுரை போல ஆகிவிடும்.

சோகப் பாட்டு கேட்கிறவர் எல்லாரும் சோகத்தில் இருப்பதில்லை. 2014-ல் 772 பேரிடம் நடத்திய ஆய்வில், சோகமான இசை அதிகம் கிளப்பும் உணர்வு பழைய நினைவுகளின் ஏக்கம் என்று தெரிந்தது. பரீட்சைக்குப் படிக்கிறவன் பின்னணிக்கு ஒரே பாட்டைச் சுழலவிட்டிருக்கலாம். பாட்டை ஓடவிட்டு அப்படியே உறங்கியும் போயிருக்கலாம். என் மகள் அப்படித்தான்.

ஆனாலும் இரண்டு வாரம் என்று சொல்கிறீர்கள், தள்ளிவிட முடியாது. இரண்டு மூன்று நாள் கழித்துச் சாதாரணமாக "ஒறக்கம் எப்படி இருக்கு மக்ளே? சாப்பிடுறியா?" என்று கேளுங்கள். பதிலைவிடக் குரலைக் கவனியுங்கள். போனை எடுக்காமல் தவிர்க்கிறான், சாப்பாட்டில் பிடித்தம் இல்லை, நண்பர்களோடு பேசுவதை விட்டுவிட்டான் என்று தெரிந்தால், தயங்காமல் ஒரு நடை கோயம்புத்தூர் போய் வாருங்கள். வெட்டு இரண்டு நாள் நின்றால் நிற்கட்டும். வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல ஒரு வார்த்தை வந்தாலோ, நாள் பார்க்காமல் நேரடியாகக் கேட்டுவிட்டு அன்றே கிளம்புங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416. கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். நீங்களும் பேசலாம்.

கணக்கு விஷயம். அவன் மூடிவிடச் சொன்னால் மூடிவிடுங்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பத்தொன்பது வயதில் தன் பாட்டுப் பட்டியல் தன்னுடையதாக மட்டும் இருக்க வேண்டும் என்று தோன்றும். அதில் அம்மா பார்க்கக்கூடாத கெட்ட வார்த்தைப் பாட்டு நாலு இருந்தாலும் இருக்கும்! உங்களுக்கென்று ஒரு கணக்கு தொடங்குங்கள். விளம்பரம் வந்தாலும் பரவாயில்லை என்றால் காசு தர வேண்டியதில்லை. "பால் வெட்டப் போறப்ப கேக்க பத்து பாட்டு அனுப்பு" என்று அவனிடமே கேளுங்கள். அவன் தேர்ந்து அனுப்பும் பத்தும், நீங்கள் தற்செயலாகக் கேட்டதும் ஒன்றாக இருக்காது. பதிலுக்கு உங்கள் பாட்டுகளில் இரண்டு அனுப்புங்கள். பத்து அனுப்பினால் கேட்கமாட்டான். அவன் அனுப்பியதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அவன் கூட்டாளிகள் கண்ணில் பட்டால் அந்தப் பாட்டை அவன் அன்றோடு விட்டுவிடுவான்.

கடைசியாக, விளையில் கேட்கும்போது ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுங்கள். விடியாத நேரம், பன்றி வருகிற இடம்.